சிமுலேஷன் முடிந்தது, படத்தை எதில் வரைவது? பாராவியூ, விசிட், பைவிஸ்டா, பிளெண்டர்: ஓர் ஒப்பீடு

காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் மென்பொருளைக் கற்கிறவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்கும் பயிற்சிக் கேஸ், அதாவது மாதிரிக் கணக்கு, மோட்டார்பைக். ஒரு பைக், அதன்மேல் ஓட்டுநர், எதிரே விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று. ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் என்ற கருவி பைக்கைச் சுற்றியுள்ள வெளியைச் சுமார் மூன்றரை லட்சம் சிறு செல்களாகப் பிரித்து மெஷ் போட்டுக் கொடுக்கும். ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல் (சால்வர்) சிம்பிள்ஃபோம் 500 சுற்று ஓடி நிற்கும். சாதாரண மடிக்கணினியிலேயே முடிந்துவிடுகிற வேலை இது. அதற்குப் பிறகுதான் கேள்வி தொடங்குகிறது: இந்த எண்களை ஆய்வுக் குழுவுக்கோ கருத்தரங்குக்கோ படமாக்கிக் காட்ட எந்த மென்பொருளை எடுப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தரவுக்குள் புகுந்து தேடிப் பார்க்கப் பாராவியூ. ஸ்லைடில் போய் உட்காரும் இறுதிப் படத்துக்குப் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப். ஒரே படத்தைப் பத்துக் கேஸுக்குத் திரும்ப வரைய வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் பைவிஸ்டா. மெஷ்ஷே ஓட்டத்தின்போது தன்னைத்தானே நுணுக்கிக்கொள்ளும் வகைக் கணக்காக இருந்தால் விசிட். அட்டைப்படத்துக்கும் பொதுமக்கள் கண்காட்சிக்கும் மட்டும் பிளெண்டர்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் அழகு அல்ல. சிமுலேஷன் படம் எதுவும் ஒரே முறை வரையப்படுவதில்லை. வழிகாட்டி மெஷ்ஷை நுணுக்கச் சொல்வார், எல்லை நிபந்தனை மாறும், டர்புலன்ஸ் மாடல் (ஓட்டத்தின் கொந்தளிப்பைக் கணக்கிடும் முறை) மாறும். ஒவ்வொரு முறையும் அதே படம், அதே கோணத்தில், அதே அளவுகோலில் மறுபடி வர வேண்டும். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற வேறுபாடு காற்றோட்டத்தின் வேறுபாடாகத்தான் இருக்க வேண்டும், கேமரா நகர்ந்ததாலோ நிற அளவுகோல் மாறியதாலோ வந்ததாக இருக்கக் கூடாது. எந்தக் கருவியில் இதற்கு உத்தரவாதம் எளிதாகக் கிடைக்கிறதோ அதுவே நல்ல கருவி.

பாராவியூ: பார்ப்பதற்கு இதை மிஞ்ச ஆளில்லை

கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் 2000இல் தொடங்கிய கூட்டு முயற்சி இது. 2002இல் முதல் பொது வெளியீடு வந்தது. அடியில் இருப்பது 1993இலிருந்து வளர்ந்துவரும் விடிகே என்ற முப்பரிமாணப் பட நூலகம். இலவசம், மூல நிரல் திறந்தது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

ஓபன்ஃபோம் கேஸைத் திறக்க, கேஸ் அடைவுக்குள் ஃபோம் என்ற பின்னொட்டுடன் ஒரு வெறும் கோப்பை உருவாக்கி அதைத் திறந்தால் போதும். பல செயலிகளில் இணையாக ஓட்டி, இன்னும் ஒன்றுசேர்க்காத கேஸ் என்றால் கேஸ் வகையில் 'டீகம்போஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் முடிவுகள் எதுவும் பட்டியலில் வராது. கணக்கே ஓடவில்லையோ என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான்.

திறந்தவுடன் கவனிக்க வேண்டியது செல் மதிப்பா, பாயின்ட் மதிப்பா என்பது. ஓபன்ஃபோம் எண்களைச் செல்லின் மையத்தில் வைத்திருக்கிறது. பாராவியூவின் ரீடர் இயல்பாகவே அவற்றைச் சராசரி செய்து முனைகளுக்கும் மாற்றித் தருகிறது. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, இரண்டு வேறு சின்னங்களோடு தெரிவது இதனால்தான். முனை மதிப்பில் படம் வழவழப்பாக இருக்கும், ஆனால் உச்ச மதிப்புகள் சராசரியில் கரைந்துவிடும். செல் மதிப்பில் படம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் சால்வர் கணக்கிட்டது அதைத்தான். மெஷ் போதுமானதா என்று சோதிக்கும்போது செல் மதிப்பைப் பாருங்கள். கட்டங்கள் பெரிதாகத் தெரிகிற இடத்தில்தான் மெஷ் போதவில்லை. வழவழப்பான படத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது. சமமதிப்புக் கோடு போடும் கான்டூர் ஃபில்டருக்கு மட்டும் முனை மதிப்பு கட்டாயம்.

காற்று போகும் பாதையைக் கோடாகக் காட்டும் ஸ்ட்ரீம்லைனில் வழக்கமாக வரும் புகார், கோடுகள் பாதி வழியில் அறுந்து நிற்கின்றன என்பது. ஸ்ட்ரீம் ட்ரேசரில் கோட்டின் அதிகபட்ச நீளம் இயல்பாகக் கணக்குப் பகுதியின் நீளத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பைக்குக்குப் பின்னால் சுழலில் சிக்கிய கோடு அந்த நீளத்தை அங்கேயே சுற்றித் தீர்த்துவிடும். அந்த வரம்பை மூன்று நான்கு மடங்கு கூட்டுங்கள். மறுபக்கம், ஸ்லைடுக்கு 30 முதல் 50 கோடுகளுக்கு மேல் வேண்டாம். நூறைத் தாண்டினால் பைக் மறைந்து நூல்கண்டு மட்டும் தெரியும்.

இந்தக் கேஸில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சிம்பிள்ஃபோம் நிலைத்த ஓட்டத்தைத் தீர்க்கும் சால்வர். 100, 200, 300 என்று விழும் அடைவுகள் சுற்று எண்கள், விநாடிகள் அல்ல. பாராவியூவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அவற்றை நேரப்படிகளாக எடுத்துக்கொண்டு பிளே பொத்தானையும் கொடுத்துவிடும். அதை அழுத்திக் கிடைத்த வீடியோவைக் 'காற்று பைக்கைச் சுற்றி உருவாகும் விதம்' என்று காட்டினால், துறை தெரிந்த ஒருவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். நிலைத்த ஓட்டத்தில் அசைவு வேண்டுமென்றால் ஸ்லைஸை, அதாவது குறுக்குவெட்டை, முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள், அல்லது கேமராவைச் சுற்றுங்கள். இரண்டும் நேர்மையான அசைவு.

ஓர் எண்ணை நெருங்கிப் பார்ப்போம்

அழுத்தப் படத்தை எடுத்துக்கொள்வோம். அமுக்கமற்ற ஓட்டத்துக்கான ஓபன்ஃபோம் சால்வர்களில் அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டே வரும். அலகு பாஸ்கல் அல்ல, மீட்டர் வர்க்கம் வகுத்தல் விநாடி வர்க்கம். எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் கலர்பாரில் நேராகப் 'பாஸ்கல்' என்று எழுதிவிட்டால் காற்றுக்குச் சுமார் 1.2 மடங்கு பிழை. தண்ணீராக இருந்தால் ஆயிரம் மடங்கு.

இதற்கு நல்ல வழி, கால்குலேட்டர் ஃபில்டரில் அழுத்தத்தை 200ஆல் வகுத்துவிடுவது. காற்றின் வேகமான 20இன் வர்க்கத்தில் பாதி 200. கிடைப்பது அலகில்லாத அழுத்தக் கெழு. இப்போது படம் தானே சோதனைக்குள்ளாகிறது: காற்று நேராக மோதி நிற்கும் இடத்தில், அதாவது முன்சக்கரத்தின் முகப்பிலும் ஓட்டுநரின் ஹெல்மெட் முன்பக்கத்திலும், மதிப்பு 1க்கு அருகில் இருக்க வேண்டும். தொலைவில் 0. எங்கோ ஓரிடத்தில் 1.8 வந்தால் அது இயற்பியல் அல்ல, மோசமான செல்.

அந்த மோசமான செல் படத்தையும் கெடுக்கும். கூர்மையான விளிம்பில் உருக்குலைந்த ஒரே ஒரு செல்லில் மைனஸ் 20 என்று வந்தால், நிற அளவுகோல் தானாக மைனஸ் 20 வரை நீண்டுவிடும். மீதி மூன்றரை லட்சம் செல்களும் ஒரே நிறத்தில் அமர்ந்துவிடும். ஆகவே தானியங்கி அளவுகோலை நம்பாமல், கஸ்டம் ரேஞ்சில் மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை என்று கட்டுங்கள். சுழி நடுவில் வருவதால் இருபக்கம் பிரியும் நீலம்-வெள்ளை-சிவப்பு கலர்மேப் பொருந்தும். வரம்புக்குக் கீழே போகும் மதிப்புக்குத் தனி நிறம் கொடுக்கும் வசதி கலர்மேப் எடிட்டரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விளிம்புகளில் மைனஸ் 1ஐத் தாண்டிய உறிஞ்சல் எங்கே இருக்கிறது என்பதும் மறையாமல் தெரியும்.

வேகத்துக்கு ஒருபக்கம் மட்டும் ஏறும் கலர்மேப் தேவை: விரிடிஸ், பேட்லோ போன்றவை. வானவில் வேண்டாம். 'ஜெட்' கலர்மேப்பை மேட்லேப் 2014இல் இயல்புநிலையிலிருந்து நீக்கியது. மேட்பிளாட்லிப் 2017இல் வந்த 2.0 பதிப்பில் விரிடிஸுக்கு மாறியது. காரணம் ரசனை அல்ல. ஜெட்டில் மஞ்சளும் வெளிர்நீலமும் வரும் இடங்களில் வெளிச்சம் திடீரென ஏறுவதால், தரவில் இல்லாத எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இதயத் தமனிச் சிமுலேஷன்களை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனை இதில் அழுத்தமான சான்று. முப்பரிமாண வானவில் படத்தில் ஆபத்தான பகுதிகளில் 39 சதவீதம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இருபரிமாணத்தில் விரித்து, இருபக்கம் பிரியும் நிறம் கொடுத்தபோது அது 91 சதவீதமானது. நிறம் மட்டுமல்ல, பரிமாணத்தைக் குறைத்ததும் அதில் பங்கு வகித்தது. இந்தக் கட்டுரை முப்பரிமாணத்தை 'பார்ப்பதற்கு', இருபரிமாணத்தைச் 'சொல்வதற்கு' என்று பிரிப்பதும் அதனால்தான். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அரங்கில் ஓரிருவராவது அப்படி இருப்பார்கள்.

பாராவியூவில் கடைசியாக ஒன்று: ஒளியமைப்பு. ஸ்லைஸ் கேமராவுக்குச் சாய்வாக இருந்தால் நிழல் விழுந்து நிறம் மங்கும். அப்போது படத்தில் உள்ள நிறம் கலர்பாரில் எங்கும் இருக்காது. ஸ்லைஸுக்கு மட்டும் ஒளியை நிறுத்துங்கள். பைக்கின் மேற்பரப்புக்கு ஒளி இருக்கட்டும், இல்லையென்றால் வடிவமே தெரியாது.

தரவு பெரிதாகும்போது

மூன்றரை லட்சம் செல் எந்தக் கருவிக்கும் சுமையல்ல. ஒரு கோடியைத் தாண்டும்போதுதான் தேர்வு முக்கியமாகிறது. கணக்கு எளிது. ஒழுங்கற்ற மெஷ்ஷில் ஒரு அறுமுகச் செல்லுக்கு எட்டு முனை எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 64. அதோடு செல் வகை, இடக்குறிப்பு, முனையின் ஆயங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 பைட். ஒரு கோடி செல்லுக்கு மெஷ் மட்டுமே ஒரு கிகாபைட். அதன்மேல் ஒவ்வொரு ஸ்கேலாருக்கும் (அழுத்தம் போன்ற ஒற்றை எண்) 40 மெகாபைட், வெக்டாருக்கு (வேகம் போன்ற மூன்று எண்கள்) 120, முனை மதிப்பும் வேண்டுமென்றால் அது மறுபடி ஒரு மடங்கு.

ஒழுங்கான கட்ட மெஷ்ஷுக்கு இந்தச் சுமை இல்லை. பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட கனசதுரத்தில் 13 கோடியே 42 லட்சம் புள்ளிகள் இருந்தும், ஒரு ஸ்கேலாருக்கு 512 மெபிபைட்தான். ஆயங்களைத் தனியாகச் சேமிக்கத் தேவையில்லை. ஆனால் அதன்மேல் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கிளிப் அல்லது த்ரெஷோல்டு ஃபில்டரைப் போட்ட நொடியில் பாராவியூ அதை ஒழுங்கற்ற மெஷ்ஷாக மாற்றிவிடும். பாதியைக் கிளிப் செய்தாலே 6 கிகாபைட்டைத் தாண்டும். மடிக்கணினி உறைந்து நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு கிளிக்கில்தான். ஸ்லைஸ் போடுங்கள், அது பரப்பை மட்டும் தரும். பகுதியை வெட்ட வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராக்ட் சப்செட் போடுங்கள், அது கட்ட அமைப்பைக் கலைக்காது.

அதற்கும் மேலே போனால் தரவைக் கீழே இறக்காமல், கிளஸ்டரில் (பல கணினிகள் சேர்ந்த தொகுதி) பாராவியூ சர்வரை ஓட்டி, மேசையிலிருந்து இணைப்பதே வழி. இயல்பான போர்ட் 11111. இரு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். மேசையில் புதிய பதிப்பும் கிளஸ்டரில் பழையதும் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். கிளஸ்டரில் நிர்வாகி நிறுவியுள்ள பதிப்பு எதுவோ அதை மேசையில் போட்டுக்கொள்வதே சுலபம்.

விசிட் இங்கேதான் உள்ளே வருகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உருவாகி, 2002இல் வெளிவந்தது. அதுவும் விடிகே மீதே நிற்கிறது, இலவசமும்கூட. திரையும் கணக்கு எஞ்சினும் தனித்தனி நிரல்களாக ஓடும்படி ஆரம்பத்திலிருந்தே வடிவமைக்கப்பட்டதால், தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்வது அதன் இயல்பு. தகவமைப்பு மெஷ் கணக்குகளில், பெரிய கட்டத்துக்குள் சிறிய கட்டம், அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்கடுக்காக வரும் தரவைப் படிப்பதில் அது தேர்ந்தது. சிலோ, ஃபிளாஷ், சோம்போ வகைக் கோப்புகளோடு வேலை செய்பவருக்கு விசிட்டை முதலில் முயலச் சொல்வேன்.

ஆனால் மோட்டார்பைக் போன்ற கேஸுக்கு விசிட் தேவையில்லை. ஓபன்ஃபோமைப் படிக்கும், கன்ட்ரோல்டிக்ட் கோப்பைத் திறந்தால் போதும். எனினும் திரை அமைப்பு பழகுவதற்கு அதிக நாள் எடுக்கும். இணையத்தில் உதவி தேடினால் பாராவியூவுக்குக் கிடைப்பதில் சிறு பகுதிதான் கிடைக்கும். நீண்ட காலமாக இயல்பாக வந்த கலர்மேப்பும் நீலத்திலிருந்து சிவப்பு வரை போகும் வானவில்தான், முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். சக ஆய்வாளர்கள் எல்லோரும் விசிட்டில் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

டெக்பிளாட், என்சைட் போன்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வரி: ஆய்வகத்தில் உரிமம் இருந்து, மூத்தவர்கள் தயாரித்த வார்ப்புருக்களும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். படிப்பு முடிந்து வெளியே போனதும் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பைவிஸ்டாவும் மேட்பிளாட்லிப்பும்: இறுதிப் படம்

பாராவியூவில் படம் திருப்தியாக வந்ததும் ஸ்டேட் கோப்பாகச் சேமிக்கலாம். வேறு கேஸுக்கு அதே படம் வேண்டுமென்றால், ஸ்டேட்டைத் திறக்கும்போது கோப்புப் பெயரை நாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் குறியிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே பதிந்துள்ள பழைய பாதையைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும். இரண்டு மூன்று கேஸுக்கு இது போதும். எண்ணிக்கை அதைத் தாண்டினால் நிரல் எழுதுவதே குறைந்த வேலை.

பைவிஸ்டா, விடிகேயைப் பைத்தானுக்குரிய நடையில் எழுத வைக்கிற நூலகம். கேஸைப் படி, கடைசி நேரப்படியை எடு, ஒய் அச்சுக்குச் செங்குத்தாக நடுவில் வெட்டு, வரம்பைக் கட்டு, கேமராவை வை, படத்தைச் சேமி: முப்பது வரிக்குள் முடியும். கேமரா இடம் மூன்று மும்மை எண்களாக எழுதப்படுவதால், பத்துக் கேஸிலும் கோணம் இம்மி பிசகாது. திரையில்லாத சர்வரில் ஓட்டும்போது மட்டும் தடுக்கும். ஆஃப்ஸ்கிரீன் அமைப்பை இயக்கியும் நிரல் செத்து விழுந்தால், அந்தக் கணினியில் எக்ஸ்விஎஃப்பி போன்ற போலித் திரையோ, திரை கேட்காத விடிகே பதிப்போ தேவைப்படுகிறது என்று பொருள்.

பைவிஸ்டா வெட்டித் தரும் ஸ்லைஸை அதிலேயே படமாக்காமல் மேட்பிளாட்லிப்புக்குக் கொண்டுபோவது ஏன்? அச்சுகள், எண்கள், எழுத்துரு, கலர்பார் இவற்றின்மேல் அங்கே கிடைக்கும் கட்டுப்பாடு முப்பரிமாணக் கருவி எதிலும் இல்லை. இரண்டு கேஸை மேலும் கீழும் ஒரே கலர்பாரோடு வைப்பது, மைனஸ் 1க்குக் கீழே அளவுகோல் தொடர்கிறது என்று காட்டக் கலர்பாரின் அடியில் கூர்முனை போடுவது எல்லாம் ஓரிரு வரி வேலை.

கொண்டுபோகும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. ஸ்லைஸின் புள்ளிகளை மட்டும் கொடுத்து, முக்கோணங்களை மேட்பிளாட்லிப்பே அமைக்கட்டும் என்று விட்டால், பைக் இருக்கும் வெற்றிடத்தையும் அது முக்கோணங்களால் மூடிவிடும். பைக்கின் உடலுக்குள் காற்று ஓடுவதாகப் படம் வரும். ஸ்லைஸை முக்கோணமாக்கி, அதிலுள்ள முக்கோணப் பட்டியலையே எடுத்துக் கொடுங்கள். வெட்டு வெட்டாகவே இருக்கும்.

கோட்டு வரைபடத்திலும் இதே போன்ற ஒன்று. பைக்குக்குப் பின்னால், எக்ஸ் 3 மீட்டரில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் பாராவியூவின் பிளாட் ஓவர் லைனைப் போட்டு, சிஎஸ்வியாகச் சேமிக்கிறோம். கோடு திடப்பொருளுக்குள்ளோ கணக்குப் பகுதிக்கு வெளியேயோ போகும் இடங்களில் உண்மையான மதிப்பு கிடையாது. அவை செல்லுபடியாகுமா என்று சொல்லும் மாஸ்க் நெடுவரிசை ஒன்று அதே கோப்பில் இருக்கும். மாஸ்க் சுழியாக உள்ள வரிசைகளை நீக்காமல் வரைந்தால் கோடு அங்கே அறுந்தோ, வேகம் திடீரெனச் சுழிக்கு விழுவதுபோலவோ வரலாம்.

என் மதிப்பீட்டில், பத்து ஸ்லைடில் ஏழு படங்கள் இப்படிப்பட்ட இருபரிமாண வெட்டுகளாகவும் கோட்டு வரைபடங்களாகவும் இருக்க வேண்டும். முப்பரிமாணப் படம் ஒன்றோ இரண்டோ போதும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவர் புரிந்துகொள்ள. 'மாற்றிய வடிவத்தில் பின்சுழல் சிறிதாகிறது' என்ற செய்தியைச் சுழலும் முப்பரிமாணப் படத்தால் நிறுவ முடியாது. ஒரே அச்சில் இரண்டு கோடுகள் நிறுவும்.

பிளெண்டர்

பாராவியூவிலிருந்து ஜிஎல்டிஎஃப் அல்லது பிஎல்ஒய் கோப்பாக ஏற்றுமதி செய்து பிளெண்டரில் ஒளியமைத்தால் கண்ணைப் பறிக்கும் படம் கிடைக்கும். இதழின் அட்டைக்கும் துறையின் சுவரொட்டிக்கும் அந்த உழைப்பு தகும். ஆனால் கலர்பாரோடு எண்ணைச் சொல்லும் படத்துக்கு எச்சரிக்கை தேவை. பிளெண்டர் இயல்பாகவே படத்தின்மேல் ஃபில்மிக் அல்லது புதிய பதிப்புகளில் ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றத்தைப் பூசுகிறது. சிவப்பு வெளிறும், நீலம் சாம்பலாகும், கலர்பாரோடு பொருந்தாது. வியூ டிரான்ஸ்ஃபார்மை 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றி, தரவு பூசிய பரப்புக்கு, வெளி ஒளியால் மாறாத எமிஷன் ஷேடர் கொடுத்தால்தான் நிறம் உள்ளபடி வரும். அப்படிச் செய்துவிட்டால் பிளெண்டரின் ஒளி அழகு அந்தப் பரப்பில் இருக்காது. பாராவியூவுக்குள்ளேயே உள்ள ஓஸ்ப்ரே ரே ட்ரேசிங் நிழல்களை மென்மையாக்கித் தருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

ஸ்லைடில் போய் அமரும்போது

எந்தக் கருவியில் வரைந்தாலும் படம் கெடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு அடியில்தான். பவர்பாயின்ட்டின் 16:9 ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். 1920 பிக்சல் படம் முழு அகலத்தில் அமர்ந்தால் அங்குலத்துக்கு 144 பிக்சல். பின்வரிசையில் இருப்பவர் படிக்கக் குறைந்தது 18 புள்ளி எழுத்து வேண்டும். 18 புள்ளி என்பது கால் அங்குலம், அதாவது 36 பிக்சல். பாராவியூவிலிருந்து வரும் படத்தில் கலர்பார் எண்களின் எழுத்தளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பாதிகூட இருக்காது. ஸ்கிரீன்ஷாட் சேமிக்கும் பெட்டியில் பின்புலத்தை வெள்ளையாக்கவும், எழுத்தைப் பிக்சலுக்கேற்பப் பெரிதாக்கவும் வசதி உண்டு.

மேட்பிளாட்லிப்பில் இன்னும் எளிது. ஸ்லைடில் படம் எத்தனை அங்குலம் எடுக்கப்போகிறதோ அதே அளவை ஃபிகர் அளவாகக் கொடுத்து, எழுத்துருவை 18 என்று வைத்து, 200 டிபிஐயில் சேமித்து, ஸ்லைடில் 100 சதவீதத்தில் வையுங்கள். இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைக்காக மூன்றரை அங்குல அகலத்தில் 8 புள்ளி எழுத்தோடு வரைந்த படத்தை ஸ்லைடில் ஒட்டாதீர்கள். நிரல் கையில் இருக்கும்போது மறுபடி வரைய ஒரு நிமிடம்தான்.

கோட்டு வரைபடத்துக்கு எஸ்விஜி எடுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. லட்சக்கணக்கான முக்கோணங்கள் உள்ள ஸ்லைஸை வெக்டாராகச் சேமித்தால் மட்டும் கோப்பு பல மெகாபைட்டாகி ஸ்லைடு திணறும், முக்கோணங்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கீறல்களும் தெரியும். அந்த அடுக்கை மட்டும் ராஸ்டரைஸ்டு என்று குறித்துவிட்டால் நிறப்பரப்பு பிக்சலாகவும் எழுத்தும் அச்சும் வெக்டாராகவும் போகும். படமாகச் சேமிப்பதென்றால் பிஎன்ஜி. ஜேபெக் வேண்டவே வேண்டாம், எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படியும். பவர்பாயின்ட் சேமிக்கும்போது படங்களை 220 பிபிஐக்குச் சுருக்கக்கூடும். அப்போது பாதி ஸ்லைடில் வைத்த 4கே படம் 1467 பிக்சலாகிவிடும். படங்களைச் சுருக்காதே என்ற அமைப்பை விருப்பங்களில் முதலிலேயே குறியிட்டுவிடுங்கள்.

பள்ளி மாணவர்களுக்கோ பொது அரங்கிலோ தமிழில் பேசுபவர்களுக்கு ஒன்று. பாராவியூவிலும் மேட்பிளாட்லிப்பின் வழக்கமான வழியிலும் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கோக்கப்படுவதில்லை. எழுத்துரு சரியாக இருந்தாலும் 'வேகம்' என்பதில் ஏகாரக் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மேட்பிளாட்லிப்பில் பிஜிஎஃப் பின்தளத்தை சீலேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலோடு இணைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் சரியாக வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், எண்களை மட்டும் படத்தில் வைத்து, தமிழ்ப் பெயர்களைப் பவர்பாயின்ட்டிலோ இங்க்ஸ்கேப்பிலோ மேலே எழுதுங்கள்.

வீடியோவைப் பாராவியூவிலிருந்து நேராக எடுக்காமல், பிஎன்ஜி வரிசையாக எடுத்து எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நிரலில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பத்து விநாடிக்கு, விநாடிக்கு 25 வீதம், 250 படங்கள். 180ஆவது படத்தில் ஏதாவது செத்துப்போனாலும் முதல் 179 கையில் இருக்கும். எச்264 குறியாக்கம், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் 18, பிக்சல் வடிவம் ஒய்யூவி420பி. இந்தக் கடைசி அமைப்பை விட்டுவிட்டால் உங்கள் கணினியில் ஓடும் வீடியோ அரங்கத்துக் கணினியின் பவர்பாயின்ட்டில் கறுப்பாக நிற்கலாம். அதே அமைப்புக்கு அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருந்தாக வேண்டும். 1081 என்று ஒரு பிக்சல் கூடியிருந்தாலும் குறியாக்கம் மறுக்கப்படும். பாராவியூ சாளரத்தின் அளவிலேயே படம் எடுத்தவர்கள் மாட்டுவது இதில்தான், ஆகவே 1920க்கு 1080 என்று கையால் கொடுங்கள். இன்னொன்று: இந்த வடிவம் நிறத்தைப் பாதித் தெளிவில்தான் சேமிக்கிறது. ஒரு பிக்சல் தடிமனில் வரைந்த சிவப்பு, நீல ஸ்ட்ரீம்லைன்கள் வீடியோவில் சாயம் போனதுபோல் ஆகிவிடும். டியூப் ஃபில்டரைப் போட்டு, திரையில் நான்கைந்து பிக்சலாவது வரும்படி தடிப்பாக்கிய பிறகு படங்களை எடுங்கள்.